கொரியப் பள்ளித் தொடர்களில் காட்டப்படுவது அங்குள்ள மாணவர்களின் உண்மையான வாழ்க்கைதானா?

கோத்தகிரி வாசகி:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவளுடைய தோழிகளும் கொரியத் தொடர்களை, அவற்றிலும் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கதைகளை, விடாமல் பார்க்கிறார்கள். காட்டெருமை வழியில் நிற்கும் என்பதால் மாலை டியூஷனுக்கே பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் எங்களுக்கு, இரவு பத்து மணிக்குப் புத்தகப் பையுடன் தனியே தெருவில் நடந்து போகும் மாணவிகளைத் திரையில் பார்ப்பதே வியப்பாக இருக்கிறது. அவ்வளவு நேரம் படிக்கும் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் நின்று பேசவும், காதலிக்கவும், பழிவாங்கவும் நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இவற்றில் எது உண்மை, எது கதைக்காகச் சேர்க்கப்பட்டது? மகளைத் தடுப்பது என் நோக்கமன்று. அவள் கேட்பதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றே கேட்கிறேன்.

குன்னூர், முன்பு கொரியாவில்:

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் சியோலை அடுத்த சுவோன் நகரில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், அம்மா. அந்த இரவுத் தெருக் காட்சி முழுக்க உண்மை. பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் போகும் தனியார் பயிற்சி வகுப்புகளுக்கு அங்கே ஹாக்வோன் என்று பெயர். அவை இரவு பத்து மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்று சியோலில் விதியே இருக்கிறது. அப்படி ஒரு விதி போட வேண்டி வந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். சியோலின் கங்னம் பகுதியிலுள்ள தேச்சி என்ற வட்டாரம் இந்த வகுப்புகளுக்குப் பேர்போனது. வகுப்பு விடும் நேரத்தில் பெற்றோரின் கார்கள் அங்கே சாலையோரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

தேர்வுக் காட்சிகளும் மிகைப்படுத்தியவை அல்ல. பல்கலைக்கழக நுழைவுக்கான சுனுங் தேர்வு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை முதல் மாலை வரை ஒரே நாளில் நடக்கிறது. அன்று போக்குவரத்து நெரிசலைக் குறைக்க அலுவலகங்களும் பங்குச் சந்தையும் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கின்றன. ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதி நடக்கும் சுமார் 35 நிமிடங்களுக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. தாமதமாக வரும் மாணவரைக் காவல்துறை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதும் உண்டு. நாம் விபூதி பூசி, தயிரும் சர்க்கரையும் கொடுத்து அனுப்புவது போல அவர்கள் ஒட்டும் தன்மையுள்ள மிட்டாயும் அரிசிப் பலகாரமும் கொடுக்கிறார்கள். கடற்பாசிச் சூப் வழுக்கும், தேர்விலும் வழுக்கிவிடும் என்று அன்று அதைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கற்பனை எங்கே தொடங்குகிறது என்றால், நீங்கள் குறிப்பிட்ட அந்த மொட்டைமாடியில்தான். பாதுகாப்புக் கருதிப் பெரும்பாலான பள்ளிகளில் அது பூட்டியே இருக்கும். கைப்பேசியைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் நிறைய. வகுப்பறையை மாணவர்களே பெருக்கித் துடைப்பது, தட்டேந்தி வரிசையில் நின்று மதிய உணவு வாங்குவது ஆகியவை சரியாகக் காட்டப்படுகின்றன. ஆனால் மாணவரின் நாளில் பெரும்பகுதி உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போடுவதிலும் தூக்கத்தை அடக்குவதிலும் கழிகிறது. அதை யார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

கூடலூர் ஆசிரியர்:

மாணவர்களிடையே நடக்கும் வன்முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 'தி குளோரி' தொடரில் வரும் தீக்காயக் கொடுமையை ஒத்த ஒரு சம்பவம் 2006-இல் சொங்ஜு நகரில் உண்மையாகவே நடந்தது. பள்ளி வன்முறையைத் தடுக்க அந்நாட்டில் 2004-லேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். வன்முறையில் ஈடுபட்ட மாணவரின் பதிவு இப்போது பல்கலைக்கழகச் சேர்க்கை வரை தொடர்கிறது. இந்த விசாரணைகள், குழுக்கள், பெற்றோர் முறையீடுகள் எல்லாம் தொடர்களில் அநேகமாக வருவதே இல்லை, ஏனெனில் அவை வந்தால் கதாநாயகன் தனியாளாக நின்று அடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடும்.

ஆசிரியர்களைக் காட்டும் விதம் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று கொடுமைக்காரர், இல்லையென்றால் கண்டும் காணாதவர். உண்மையில் 2023-இல் சியோலில் ஒரு இளம் தொடக்கப்பள்ளி ஆசிரியை இறந்ததைத் தொடர்ந்து, பெற்றோரின் ஓயாத புகார்களிலிருந்து தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வாரக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆசிரியர் அறையை எந்தக் காதல் தொடரிலும் நான் பார்த்ததில்லை. நம் ஊரில் தேயிலைத் தோட்டத்தில் பச்சை பறித்துவிட்டு ஈரக் காலோடு கூட்டத்துக்கு வரும் பெற்றோர் எங்களிடம் ஒரு புகாரும் சொல்வதில்லை என்பது வேறு வகை வருத்தம்.

இன்னொன்று, தொடர்கள் பெரும்பாலும் சியோலையும் வசதி படைத்தவர்களையும் விட்டு நகர்வதில்லை. 2018-இல் தொடங்கிய 'ஸ்கை கேசில்' காட்டுவது, பிள்ளையைப் பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்க்கத் தனி ஆலோசகரையே அமர்த்தும் குடும்பங்களை. கொரியாவின் கிராமங்களிலோ பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகள் மூடப்பட்டு வருகின்றன. 2023-இல் அந்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.72 ஆகக் குறைந்திருந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்த மலைப் பள்ளிகளில் பணிபுரியும் எங்களுக்கு அந்தக் கதைதான் நெருக்கமாக இருந்திருக்கும்.

ஊட்டி, பிளஸ் டூ மாணவி:

ஐயா சொல்வது சரிதான் என்றாலும், சின்ன விஷயங்களில் இந்தத் தொடர்கள் பொய் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். தோழியே குறிப்பேட்டை ஒளித்து வைக்கும் காட்சியை என் அம்மா நம்பவில்லை. ஆனால் அங்கே பள்ளி மதிப்பெண் பல காலமாக ஒன்பது தரங்களாகப் பிரிக்கப்பட்டு, முதல் 4 விழுக்காட்டினருக்கு மட்டுமே முதல் தரம் கிடைத்துவந்தது. பக்கத்து மேசைக்காரி ஒரு படி ஏறினால் நான் இறங்க வேண்டியதுதான். 2025-இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களிலிருந்து அதை ஐந்து தரங்களாக மாற்றி, முதல் தரத்தை 10 விழுக்காடாக உயர்த்தியிருக்கிறார்கள். நம் பொதுத்தேர்வில் என் தோழி 95 வாங்கினால் என் 95 குறைவதில்லை. கட்-ஆஃப், நீட் என்று வரும்போதுதான் நாங்களும் அவர்களைப் போல ஆகிறோம்.

ஆண்டுத் தொடக்கமும் அப்படியே உள்ளதுதான். அங்கே மார்ச்சில் பள்ளி திறப்பதால் புது வகுப்பின் முதல் வாரங்களோடு செர்ரி மரங்களும் பூத்துவிடுகின்றன. எங்களுக்கு ஜூனில் திறக்கிறது. ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போகும் முதல் நாளில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கோத்தகிரி வாசகி:

மூவருக்கும் நன்றி. தர வரிசை பற்றித் தங்கை எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். மொட்டைமாடி பூட்டியிருக்கும் என்பதை மட்டும் அவள் ஏற்க மறுக்கிறாள். நானும் அவளும் சேர்ந்து பார்க்கத் தகுந்த, கொஞ்சம் உண்மைக்கு நெருக்கமான தொடர் ஏதேனும் உண்டா?

குன்னூர், முன்பு கொரியாவில்:

2019 இறுதியில் வெளிவரத் தொடங்கிய 'பிளாக் டாக்' தொடரைப் பாருங்கள், அம்மா. தனியார் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒப்பந்த ஆசிரியையாகச் சேரும் பெண்ணின் கதை. கூடலூர் ஆசிரியர் தேடும் ஆசிரியர் அறை அதில் நிறையவே வருகிறது. காதலுக்கு அதில் அவ்வளவாக இடமில்லை என்பதால், உங்கள் மகள் இரண்டாவது பகுதியிலேயே எழுந்து போய்விடவும் கூடும்.