கலைச்சொல் விவாதம்: புளிப்பு பீரைச் சுவைத்து மதிப்பிட ஒரு ‘புளிப்பு’ போதுமா? (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் ஊர்ப்பெயர்)

பாளையங்கோட்டை

வணக்கம். நொதிப்புக் கையேட்டின் பீர்ப் பகுதிக்குச் சுவைத்தாள் எழுதும் இடத்தில் சொல் முட்டுகிறது. லாம்பிக், கூஸ், பிளாண்டர்ஸ் சிவப்பு, பெர்லினர் வைஸ் என்று புளிப்பையே குணமாகக் கொண்ட பீர்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். அதைவிட அவசரமானது ஒன்று. வரைவில் ‘புளிப்பு’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. நாக்கில் படும் புளிப்பு, மூக்கைக் குத்தும் காடி, பல்லைக் கூசவைக்கும் கடுமை எல்லாம் அதற்குள்ளேயே விழுகின்றன. ஒருவர் 7 என்று போட்டால் எதற்குப் போட்டார் என்று விளங்கவில்லை.

பொதுப்பெயருக்கு என் முன்மொழிவு ‘புளியூறல்’. கட்டத்தைப் பிரிக்க இளம்புளிப்பு, நடுப்புளிப்பு, கடும்புளிப்பு. அடித்துத் திருத்துங்கள்.

தென்காசி

ஊறல் வேண்டாம் அக்கா. செய்தித்தாளில் ஊறல் என்றாலே மதுவிலக்குப் போலீசார் கொட்டி அழித்த பானைதான். சாராயம் காய்ச்சப் போட்டுவைக்கும் சரக்குக்கு அந்தச் சொல் நிலைத்துப்போயிற்று, இனி மீட்க முடியாது. சங்கப் பாட்டில் நறவு, தேறல், தோப்பி மூன்றும் கிடைக்கின்றன. தேறல் தெளிந்த கள். பெர்லினர் வைஸ் கலங்கலாக இருக்கும், எனவே பொருந்தாது. தோப்பி நெல்லில் ஆக்கியது, தானியம் என்ற அளவில் பீருக்கு நெருக்கம், ஆனால் இன்று சொன்னால் தோப்பு என்று படிப்பார்கள். ‘புளிநறவு’ என்று வைக்கலாம்.

திசையன்விளை

நறவு என்றால் தேன் நினைவுக்கு வருகிறவர்களும் உண்டு. கடையில் கேட்பது பீர், பாட்டிலில் இருப்பது பீர். ‘புளிப்பு பீர்’ போதும். இடையில் ‘ப்’ போடுவதா என்று தென்காசி அண்ணாச்சி தனியாக ஒரு நாள் வகுப்பு எடுக்கட்டும்.

வரைவில் ‘காட்டு நொதிப்பு’ என்று இருக்கிறதே, அது எனக்கு ஒட்டவில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீர். தடவாத கலயத்தில் விழுந்தால், யாரும் எதையும் போடாமலே கள். பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் இருந்த ஈஸ்டும் பாக்டீரியாவும் செய்கிற வேலை அது. லாம்பிக்கும் இப்படித்தான் என்றால் அது காடு இல்லை, தானாக நடப்பது. ‘தன்னொதிப்பு’ என்று சொல்லுங்கள்.

களக்காடு (இப்போது பெங்களூரு)

திசையன்விளை அண்ணாச்சியின் ‘தன்னொதிப்பு’ லாம்பிக்குக்கு அப்படியே பொருந்துகிறது. மாவாக்கிய தானியத்தில் 30 முதல் 40 சதவீதம் முளைகட்டாத கோதுமை, மீதி பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்தியது). கசப்பு போய்விட்ட பழைய ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) போடுவார்கள். கசப்புக்காக அல்ல, பாக்டீரியா அத்துமீறாமல் இருக்க. கொதித்த சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து ஆறவிடுவார்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் இது நடக்கும். வெயில் காலத்துக் காற்றில் வேண்டாத கிருமி அதிகம், சாறும் வேகமாக ஆறாது. (அந்தத் தொட்டிக்கு ‘ஆறல்தொட்டி’ என்று குறித்திருக்கிறேன்.) பிறகு மரப்பீப்பாய். முதல் சில வாரம் குடல்வகைப் பாக்டீரியா, அடுத்த சில மாதம் சாதாரண ஈஸ்ட், அதன்பின் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா புளிப்பேற்றும், கடைசியில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் நீண்டகாலம் மெல்ல வேலை செய்யும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுச் சரக்கைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிட்டால் கூஸ்.

ஆனால் எல்லாப் புளிப்பு பீரும் இப்படி இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த பிரெட்டை (பிரெட்டனோமைசிஸைச் சுருக்கமாக இப்படிச் சொல்வார்கள்) அளந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஈஸ்டைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டதே கார்ல்ஸ்பெர்க் ஆலையில்தான், 1904-இல், கிளாசன் என்பவர். அளந்து போட்டது தன்னொதிப்பு ஆகாது. அங்கே ‘காட்டு ஈஸ்ட் நொதிப்பு’ என்பதே சரி. மூன்றாவது வகை, சாற்றை அண்டாவிலேயே லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவை விட்டு ஒன்றிரண்டு நாளில் புளிக்கவைத்து, கொதிக்கவிட்டுக் கிருமியைக் கொன்று, அப்புறம் சாதாரண ஈஸ்ட் போடுவது. அதில் தானாக நடந்தது எதுவுமில்லை. ‘அண்டாப் புளிப்பு’ என்று எழுதலாம். ஆகவே தலைப்பில் ‘புளிப்பு பீர்’ இருக்கட்டும், இந்த மூன்றும் அதன் கீழே வரட்டும்.

இளம், நடு, கடும் என்ற பிரிப்பை மட்டும் ஏற்க முடியவில்லை அக்கா. அது அளவு. சுவைக்கிறவருக்குத் தெரியவேண்டியது புளிப்பு எதிலிருந்து வந்தது என்பது. லாக்டிக் அமிலத்துக்கு வாடை கிடையாது, நாக்கில் மட்டும் தெரியும். அசிட்டிக் அமிலம் ஆவியாகும்; வாய்க்குப் போகும் முன்பே மூக்கில் ஏறி, விழுங்கும்போது தொண்டையைச் சுடும். பெர்லினர் வைஸில் அசிட்டிக் தெரிந்தாலே குறை. பிளாண்டர்ஸ் சிவப்பில் ஓரளவு இருக்கத்தான் வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டால் நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் ஒரே மதிப்பெண் வாங்கும்.

அம்பாசமுத்திரம்

களக்காட்டுத் தம்பி சொல்வது சரி. அடுக்களையில் சொல் ஏற்கனவே இருக்கிறது: மோர்ப்புளிப்பு, காடிப்புளிப்பு. லாக்டிக்குக்கு முன்னது, அசிட்டிக்குக்குப் பின்னது.

அளவும் வேண்டும் என்றால் pH-ஐ நம்பி எழுதாதீர்கள். இரண்டு பீர் 3.4 காட்டும், ஒன்று மென்மையாகவும் மற்றது பல் கூசும்படியும் இருக்கும். நாக்குக்கு எட்டுவது பெரும்பாலும் மொத்த அமிலம். pH மீட்டர் காட்டுவது அதுவல்ல. மொத்த அமிலத்தைத் தரம்பார்த்தே, அதாவது அளவு தெரிந்த காரத்தைச் சேர்த்துச் சமன்செய்தே, அறிய வேண்டும். பீரை இரண்டு குவளைகளுக்கிடையில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவை முழுக்கப் போக்குங்கள். இல்லாவிட்டால் கார்பானிக் அமிலமும் கணக்கில் ஏறிவிடும். பலருக்கு எண் கூடிவருவது இதனால்தான். 10 மி.லி. எடுத்து 0.1 N சோடியம் ஹைட்ராக்சைடை pH 8.2 வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். செலவான மி.லி.யை 0.9 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் லாக்டிக் என்று கிடைக்கும். 6 மி.லி. என்றால் 5.4 கிராம், 9 மி.லி. என்றால் 8.1 கிராம். சிவப்பு பீரில் பினால்ப்தலீன் நிறங்காட்டி நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது, மீட்டர்தான் வழி, அதை pH 4.01, 7.00 தாங்கல் கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வலுவிழக்கும். பழைய பாட்டிலை எடுத்து அப்படியே பயன்படுத்தக் கூடாது.

இந்த எண்ணில் அசிட்டிக்கும் சேர்ந்தே இருக்கிறது. அதைத் தனியே அறிய நீராவியில் வடித்து, வடிந்ததைத் தரம்பார்க்க வேண்டும்.

தென்காசி

மோர் என்றதும் வெண்ணெய் வாசனையும் கூடவே வருமே சார். பீரில் வெண்ணெய் வாடை குறை என்று அதே கையேட்டில் வேறிடத்தில் படித்தேன். ‘நீராகாரப் புளிப்பு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை, நம் ஊர்க்காரர் எவரும் விளக்கம் கேட்கவும் மாட்டார்.

அம்பாசமுத்திரம்

நியாயமான கேள்வி. வெண்ணெய் வாடை டைஅசிட்டைல் தருவது; பீடியோகாக்கஸ் அதை நிறையவே உண்டாக்கும், பிரெட் பின்னால் வந்து தின்று தீர்க்கும். பிரெட் இல்லாத பீரில் அது தங்கிவிடும். ஆகவே ‘வெண்ணெய் வாடை’ தனிக் கட்டம். மோர்ப்புளிப்புக்கு வரையறையிலேயே ‘வாடையற்ற, நாக்கில் மட்டும் தெரியும் புளிப்பு’ என்று எழுதிவிடலாம். நீராகாரப் புளிப்பு கட்டத்தில் எழுத நீளம்.

பாளையங்கோட்டை

மோர்ப்புளிப்பு, காடிப்புளிப்பு இரண்டையும் ஏற்கிறேன். அளவைச் சொல்லும் இளம், நடு, கடும் மூன்றையும் மோர்ப்புளிப்புக்குக் கீழே வைக்கிறேன். ஆனால் ஒருவருடைய ‘நடு’ இன்னொருவருக்கு ‘கடும்’ ஆகாமல் இருக்க வழி?

களக்காடு (இப்போது பெங்களூரு)

மாதிரி கலந்து வைத்து முதலில் எல்லாரையும் பழக்க வேண்டும். புளிப்பில்லாத மெல்லிய லாகர் பீரை வாயு போக்கி எடுத்துக்கொள்ளுங்கள். உணவுத்தர 88 சதவீத லாக்டிக் அமிலம் 1 மி.லி.யில் ஏறக்குறைய 1.06 கிராம் அமிலம் இருக்கும். லிட்டருக்கு 1.9 மி.லி. விட்டால் 2 கிராம், அது இளம். 3.8 விட்டால் 4 கிராம், நடு. 6.6 விட்டால் 7 கிராம், கடும். காடிப்புளிப்புக்குக் கடையில் விற்கும் 4 சதவீத வெள்ளை வினிகரை லிட்டருக்கு 10 மி.லி. விட்டால் 0.4 கிராம். முதலில் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கில் பிடிபடாதவருக்கு 20 மி.லி. விட்டுக் காட்டுங்கள்.

நகப்பூச்சு வாடையை அசிட்டிக்கோடு சேர்த்துவிடாதீர்கள். அது எத்தில் அசிட்டேட். பீப்பாய்க்குள் காற்று புகுந்தால் இரண்டும் சேர்ந்தே வரும், ஆனால் நகப்பூச்சு மேலோங்கினால் அந்தப் பீப்பாயைக் கலப்புக்கும் எடுக்க முடியாது.

இன்னொரு சொல்லும் வேண்டும். பீடியோகாக்கஸ் பசைச் சர்க்கரை உண்டாக்கி, ஊற்றினால் எண்ணெய் மாதிரி இழைந்து விழும் நிலை.

திசையன்விளை

ஊசிப்போன குழம்பில் கரண்டியைத் தூக்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள் தம்பி? ‘நூல் விட்டிருச்சு’. நூல்விடல்.

களக்காடு (இப்போது பெங்களூரு)

அருமை. ஒரு எச்சரிக்கையை மட்டும் அடியில் சேருங்கள்: பீப்பாயில் நூல்விடல் குறையல்ல, வந்துபோகும் ஒரு நிலை. பிரெட் இருந்தால் சில மாதத்தில் அந்தப் பசையை உடைத்துவிடும். விற்பனைக்கு வந்த பாட்டிலில் நூல் விட்டால்தான் குறை. முழுங்க வழவழப்பாக இருக்குமே தவிர, பெரும்பாலும் சுவை கெட்டிருக்காது.

பாளையங்கோட்டை

அடுத்தது பிரெட் வாடை. வெளிநாட்டுச் சுவைத்தாள்களில் ‘குதிரைப் போர்வை’ என்று இருக்கிறது. குதிரையே காணாத ஊரில் போர்வைக்கு எங்கே போவது? ‘தொழுவ வாடை’ என்று வைத்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரம்

வேதியியலும் அதையே சொல்கிறது. பிரெட் தரும் 4-எத்தில்பீனால் மாட்டுத்தொழுவக் காற்றிலும் இருக்கும் பொருள்தான். கூடவே வருகிற 4-எத்தில்குவையகோல் கிராம்பு, புகை பக்கம் சாயும்.

திசையன்விளை

தொழுவம் என்றால் ஈரச் சாணமும் அதில்தான். அந்த வாடை வந்தால் முதல் வாரத்துக் குடல்வகைப் பாக்டீரியா மிஞ்சிவிட்டது என்று பொருள், இல்லையா? காய்ந்த வைக்கோலும் தோலும் கலந்த வாடைக்கு ‘படப்பு வாடை’ என்று வையுங்கள். வைக்கோல் படப்புப் பக்கம் போனவருக்குத் தெரியும். தொழுவ வாடையைக் குறைப் பட்டியலுக்கு அனுப்புங்கள். ஒன்று பாராட்டு, ஒன்று வசை. ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்கக் கூடாது.

தென்காசி

படப்புக்கு என் ஓட்டு. அடுத்து, குடித்த பிறகு தாமதமாக எழும் அந்த எலிவாடை. ‘பின்வீச்சம்’ என்று ஒரு சொல் தருகிறேன். வீச்சம் எப்போதும் கெட்ட வாடையைத்தான் குறிக்கும், ‘பின்’ காலத்தைச் சொல்லும்.

களக்காடு (இப்போது பெங்களூரு)

பொருத்தமான சொல் அண்ணாச்சி, ஏனென்றால் இந்தக் குறையைத் தவறவிடுவதே காலத்தால்தான். எலிவாடை தரும் டெட்ராஹைட்ரோபிரிடின் வகைப் பொருள்கள் புளித்த பீரில் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். விழுங்கியபின் எச்சில் கலந்து அமிலம் தணியும்போதுதான் வாடை எழும். 10 முதல் 30 நொடி ஆகும். அடுத்த மடக்கை உடனே குடித்தால் அது தெரியாமலே போகும். சிலர் மூக்குக்கு இது எட்டுவதே இல்லை, எனவே குழுவில் இருவராவது தேறியவர் வேண்டும். சந்தேகம் வந்தால் 20 மி.லி. பீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு முகருங்கள். உள்ளங்கையில் தேய்த்து முகர்வதும் உண்டு. பாட்டிலில் அடைக்கும்போது ஆக்சிஜன் புகுந்தால் தலைதூக்கும், சில மாதம் விட்டால் பலவேளை தானே அடங்கும். ஆகவே ‘பின்வீச்சம்’ என்று குறித்தால் பாட்டிலில் அடைத்த மாதத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

பாளையங்கோட்டை

சுவைக்கும் முறையை இப்படி எழுதியிருக்கிறேன்: 10 பாகை செல்சியஸ், வாய் குவிந்த கண்ணாடிக் குவளை, 60 மி.லி., ஊற்றியவுடன் முதல் முகர்வு, பிறகு மூடிவைத்து இரண்டாவது முகர்வு, 15 மி.லி. மடக்கு, துப்பாமல் விழுங்கி 30 நொடி காத்திருத்தல். மாதிரிக்கு மாதிரி 3 நிமிடம். புளிப்பு குறைந்ததிலிருந்து கூடியதற்கு. ஓர் அமர்வில் ஆறுக்கு மேல் வேண்டாம், நாக்கு களைத்துவிடும். இடையில் வாய் கொப்பளிக்க வெறும் தண்ணீரும் உப்பில்லாத பொரியும்.

அம்பாசமுத்திரம்

பொரியை எடுத்துவிடுங்கள் அம்மா. பொரியின் மணமும் பின்வீச்சமும் ஒரே குடும்பத்துப் பொருள்களால் வருவன. லேசான பின்வீச்சம் பொரி மாதிரியேதான் இருக்கும். ரொட்டியின் சிவந்த ஓரமும் அப்படியே. ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி வையுங்கள். இட்லி வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், அதுவே புளித்தது. வெற்றிலை போட்டவரை அன்றைக்குக் குழுவில் உட்காரவைக்காதீர்கள். சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்டும், அவர் மதிப்பெண் மற்றவரோடு ஒத்துவராது.

தென்காசி

50 மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10 என்ற பங்கீட்டையே வைக்கிறீர்களா? காடிப்புளிப்பு மணத்திலும் சுவையிலும் இரண்டு தடவை வெட்டு வாங்குமே.

களக்காடு (இப்போது பெங்களூரு)

வாங்கட்டும். மூக்கிலும் தொண்டையிலும் தெரிகிற குறை இரண்டு இடத்திலும்தான் கெடுக்கிறது. வெட்டக் கூடாதது வேறு இடத்தில் இருக்கிறது: கசடு. கூஸ் பாட்டிலைக் கூடையில் சாய்த்தபடியே திறந்து, குலுங்காமல் எல்லாக் குவளைக்கும் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் கடைசிக் குவளைக்காரருக்கு ஈஸ்ட் கசடு போய், அவர் மட்டும் ‘கலங்கல், ரொட்டி வாடை’ என்று எழுதுவார். அடியிலுள்ள 50 மி.லி.யைத் தனிக் குவளையில் பிடித்து, தாளில் ‘கசடு’ என்று குறித்து வையுங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது.