ஆயா வீட்டுப் பித்தளைக் குடுவை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டுப் பரணில் ஒரு பித்தளைக் குடுவை கிடைத்தது. இத்தனை வருஷமாக அதில் ஊதுபத்திக் கட்டும் மயிலிறகும்தான் செருகியிருந்தார்கள். புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் '75 டெ சி' என்றும் 1916 என்றும் முத்திரை! முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்களின் 75 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டின் வெற்று உறை அது. நல்லவேளை, அடியிலிருக்கும் வெடிமூடி ஏற்கெனவே வெடித்துக் குழிந்துவிட்டது.

இடுப்பை வரிவரியாக நெளித்து, மேலே ஓக் இலைகளை உளியால் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு மோதிரம்: நடுவில் ஓட்டையுள்ள பிரெஞ்சு 10 சாந்தீம் நாணயத்தை அகட்டிச் செய்தது போலிருக்கிறது.

கொள்ளுத்தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாகப் போய்வந்தவர். ஆனால் போர் முடிந்தபின் சுற்றுலா வந்தவர்களுக்கென்றே இப்படி நிறைய செய்து விற்றார்களாம். அதனால்தான் குழப்பம். பதுங்குகுழியில் சிப்பாய்கள் செய்த கைவேலையா, கடைச்சரக்கா என்று எதை வைத்துச் சொல்வது? முத்திரையில் ஆண்டுக்குப் பக்கத்தில் தேய்ந்துபோன எழுத்துகள் தயாரித்த ஆலையைக் குறிப்பவையா? அப்புறம், புளி போட்டுத் தேய்த்தது தப்பா? (ஆயா ஒவ்வொரு பொங்கலுக்கும் தேய்த்தவர்தான்.)

பாத்திரக் கடைக்காரர் ஒருவர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுக்கவில்லை. படங்கள் கீழே. அடிப்பக்கம் சரியாகத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் போடுகிறேன்.