பிள்ளையைப் புதைச்ச வீட்டுல சாமி விளக்கு நின்னுபோறது: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

வார்டு சிஸ்டர்:
செத்துப் பிறந்தாலும் தாய்க்குப் பால் சுரக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் இறங்கிடும், ரெண்டாம் மூணாம் நாள் மார் கட்டும். பிள்ளை இருக்கா இல்லையான்னு உடம்புக்குத் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது இதை யாரும் சொல்றதில்லை.

ஒன்பதாம் மாசம் வயித்திலேயே போன பிள்ளை. மூணாம் நாள் அந்தப் பொண்ணுக்கு மார் கல்லாயிடுச்சு. மாமியார் குண்டுமல்லி வாங்கிட்டு வந்தாங்க. பால் வத்தறதுக்கு நம்ம ஊர்ப் பழக்கம்தான்: சரத்தை மாரில் வச்சு அழுந்தாம ஒட்டி, தினமும் புதுசு மாத்தணும். வேலூரில் இதைப் பால் நிறுத்துற புரோமோகிரிப்டின் மாத்திரையோட ஒப்பிட்டுப் பார்த்து 1988ல் எழுதியிருக்காங்க, பூவும் வேலை செய்யுது. கட்டிட்டு இருக்கும்போது அவ சொன்னா: "வெள்ளிக்கு வெள்ளி அம்மனுக்கு இதே பூவைத்தான் போட்டேன். இனி போடமாட்டேன்." மாமியார் சட்டுனு அவ வாயைப் பொத்தினாங்க. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

துணியால இறுக்கிக் கட்டாதீங்க, பால் தேங்கி சீழ் பிடிக்கும். வலி தாங்கலைன்னா கொஞ்சமா பீய்ச்சலாம், முழுசா எடுத்தா மறுபடி ஊறும். ஈரத்துணி ஒத்தடம் போதும். பால் நிறுத்துற கேபர்கோலின் மாத்திரையை முதல் நாளே கொடுத்தா நல்ல பலன், ரத்தக்கொதிப்பு இருந்தவங்களுக்கு டாக்டரைக் கேக்காம கூடாது.

கொள்ளிடக்கரை:
சிஸ்டர், அந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்திருக்கும். பெரியவங்க செத்தா நீர்மாலை, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், மூணு சுத்து கொள்ளிக்குடம், மறுநாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதின்னு கைக்கு வேலை இருந்துக்கிட்டே இருக்கும். பல் முளைக்காத பிள்ளைக்கு இதுல ஒண்ணும் கிடையாது, எரிக்கிறதும் இல்லை. துணியில சுத்தி ரெண்டு பேர் கொண்டு வருவாங்க. சின்ன உடம்புதானேன்னு குழியை ஒன்றரை அடியில நிறுத்துறதுதான் பெரிய தப்பு, ராத்திரி நாய் தோண்டும். மூணடியாவது போகணும், மண்ணை மிதிச்சு இறுக்கி மேலே முள்ளும் கல்லும் வைக்கணும்.

ஒரு தடவை மூடின பிறகு ஒரு தகப்பன் கேட்டார், "அடுத்து என்ன செய்யணும்?" ஒண்ணுமில்லை, குளிச்சிட்டு வீட்டுக்குப் போங்கன்னாங்க. நின்னுக்கிட்டே இருந்தார். மறுபடி அதையே கேட்டார். பிள்ளைக்கு முதல் முடி குலசாமிக்குன்னு நேர்ந்திருந்தாங்களாம். அந்த வருசத்தோட கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறதை நிறுத்திட்டார்.

உபதேசியார்:
எங்க கத்தோலிக்கப் பக்கம் செய்ய ஒண்ணுமில்லாததை விட, சொல்லிக்கொடுத்ததுதான் பக்தியை வெட்டிச்சு. ஞானஸ்நானம் இல்லாம இறந்த குழந்தை மோட்சத்துக்கும் இல்லை நரகத்துக்கும் இல்லைன்னு தலைமுறை தலைமுறையா சொன்னாங்க. கல்லறைத் தோட்டத்திலேயும் சுவரோரம் தனி இடம். ஒரு தகப்பன் வருஷா வருஷம் நவம்பர் 2ஆம் தேதி அந்தச் சுவரோரம் மெழுகுவர்த்தி ஏத்திட்டு, பூசை மணி அடிச்சாலும் கோயிலுக்குள்ள வராம வெளியேறுவார்.

அவர்கிட்ட ஒருத்தரும் சொல்லாதது: 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 1183ஆம் பிரிவுப்படி, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தாலே ஆயர் அனுமதியோட முறைப்படி அடக்கம் செய்யலாம். 2007ல் வத்திக்கான் இறையியல் குழுவும் அந்தக் குழந்தைகளுக்கு மீட்பு உண்டுன்னு நம்பக் காரணம் இருக்குன்னு எழுதிடுச்சு. அனுமதியை அடக்கத்துக்கு முன்னாடியே பங்குச்சாமியார்கிட்ட கேக்கணும். நேரமில்லைன்னு அவசர அவசரமா புதைக்கிறதுதான் நடக்குது.

மஹல்லாவாசி:
பிறந்து ஒரு சத்தம் போட்டிருந்தாலும் பேர் வச்சு, இலந்தை இலைத் தண்ணியில குளிப்பாட்டி, கடைசித் தண்ணியில கற்பூரம் கலந்து, கஃபன் துணி சுத்தி, ஜனாஸாங்கிற இறப்புத் தொழுகை தொழுதுதான் அடக்கம். சின்னதுக்கு ஒரே துணி போதும். செத்துப் பிறந்தா, ஷாஃபி, ஹனஃபின்னு மார்க்கச் சட்டப் பிரிவு எதுவானாலும் பெரும்பாலும் அந்தத் தொழுகை இல்லை. ஒரு தாய் திரும்பத் திரும்ப, "அழுதுச்சா? யாராவது கேட்டீங்களா?"ன்னு நர்ஸைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எதுக்குன்னு நர்ஸுக்குப் புரியலை.

திண்ணைக்காரி:
கொள்ளிடக்கரை ஐயா, சடங்கு இல்லாததால பக்தி போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பதினாறு நாளும் ஒண்ணு விடாம செஞ்ச வீட்டிலேயும் பூஜை அலமாரி பூட்டிக் கிடக்கு. புருஷன் போன ஒரு அக்கா, பத்தாம் நாள் ராத்திரி சொந்த நாத்தனார்களே வளையலை உடைச்சப்ப பூட்டினது. அங்கே சடங்குதான் உடைச்சிருக்கு.

இனி இப்படி வீட்டுக்குப் போறவங்க கவனிங்க. "சாமி எடுத்துக்கிச்சு", "போன ஜென்மத்து வினை" ரெண்டும் வேண்டாம். முதல் வாக்கியத்துல சாமி திருடன் ஆகிடும், ரெண்டாவதுல தாயே குற்றவாளி ஆகிடுவா. பிள்ளைக்குப் பேர் வச்சிருந்தா அந்தப் பேரைச் சொல்லிப் பேசுங்க. தீட்டு நாள்ல எப்படியும் விளக்கு ஏத்தமாட்டாங்க, அதனால ஆரம்பத்துல யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தீட்டு கழிஞ்ச மறுநாள் "விளக்கேத்தும்மா"ன்னு தீப்பெட்டியை அவ கையில திணிக்கிறாங்க பாருங்க, சண்டை அங்கதான் ஆரம்பிக்குது. ஏத்தணும்னு நினைக்கிறவங்க அவங்களே ஏத்தட்டும், அவளை ஏவாதீங்க. வேண்டுதல் பாக்கின்னு காசு முடிஞ்சு வச்சிருந்தா நீங்களா எடுத்துப் போய் உண்டியல்ல போடாதீங்க, அது அவளுக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. வருஷம் திரும்பினதும் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா சரியாயிடும்னு ஜோசியக்காரர்கிட்ட நாள் குறிக்காதீங்க.

சாமி கும்பிடாதது நோய் இல்லை. ஆறு மாசம் தாண்டியும் தினம் அதே ஏக்கத்துல கிடந்து, சோறும் தூக்கமும் வேலையும் கெட்டா அதுதான் மருத்துவர் பார்க்க வேண்டியது. 14416க்கு போன் பண்ணினா அரசாங்க மனநல உதவி மையமான டெலிமானஸ்ல தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

கொள்ளிடக்கரை:
முடிவு கட்டலை தாயி. அவர் ரெண்டாவது தடவை கேட்டப்ப ஒரு செம்பு பாலாவது கையில கொடுத்து ஊத்தச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

வார்டு சிஸ்டர்:
பூவைப் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. கழட்டின சரத்தை எங்கே போடணும்னு யாரும் சொல்லித் தர்றதில்லை. குப்பைக் கூடையில போட அந்த மாமியாருக்குக் கை வரலை. அஞ்சு நாள் சரத்தையும் மஞ்சப்பையில சேர்த்து வச்சிருந்தாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்குப் படிக்கட்டுல நின்னு மகனைக் கேட்டாங்க, "குழி எந்தப் பக்கம்டா?"