3.21 ஆ, 3.92 ஆ?

குழு: ஊறணி வீட்டார்

ரூபன்: எல்லோருக்கும் வணக்கம். ட்ரக் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ராம் 1500, 5.7 ஹெமி எஞ்சின், நாலு சில்லும் இழுக்கும். இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். கறுப்பு இங்கே மார்க்கம் நகரில், வெள்ளை பீற்றர்பரோவில். கறுப்புக்கு நாளை இரவுக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும். 30ஆம் திகதிக்குள் பெரியப்பாவின் வள்ளத்தை ஒரில்லியாவில் இருந்து எடுத்தாக வேண்டும், அதனால்தான் அவசரம்.

சுகந்தி மாமி: கறுப்பு வேண்டாம் தம்பி. உன் பெரியப்பாவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருட நினைவு நாள், வருகிற நேரம்

வதனி அக்கா: படம் போடடா

ஆரணி: ரூபன் அண்ணா, அக்சில் கியர் என்ன?

ரூபன்: கறுப்பு 3.21. வெள்ளை 3.92. பெரிய வித்தியாசம் இல்லை என்று டீலர் பொடியன் சொன்னான். அதே எஞ்சின்தானே.

ஆரணி: வித்தியாசம் இருக்கிறது அண்ணா. அதே எஞ்சின், அதே வண்டி, ஆனால் 3.92 க்கு கம்பனி கொடுக்கும் இழுவை எடை ஆயிரக்கணக்கான பவுண்ட் கூட. அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

சிவா மாமா: எந்த ட்ரக்கும் இழுக்கும். ஊரில் நாங்கள் லான்ட்மாஸ்ரரில், அந்த ரெண்டு சில்லு உழவு மெசினில், வள்ளம் இழுத்த ஆட்கள்

ஆரணி: மாமா, நான் சொல்வதும் அதுதான். லான்ட்மாஸ்ரர் எஞ்சின் எவ்வளவு சின்னது? இருந்தும் மணலில் இழுத்தது ஏன்? எஞ்சின் பல தரம் சுற்றினால்தான் அதில் சில்லு ஒரு தரம் சுற்றும். ஓட்டம் குறைவு, இழுவை கூட.

ட்ரக்கிலும் அதே கணக்கு. 3.21 என்றால் பின்னுக்குப் போகும் ஷாஃப்ட் 3.21 தரம் சுற்ற, சில்லு ஒரு தரம் சுற்றும். மற்றதில் 3.92 தரம். கியர்பெட்டியின் முதல் கியர் 4.71. பெருக்கிப் பாருங்கள்: கறுப்பில் 15.1, வெள்ளையில் 18.5. நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது வெள்ளைக்கு 22 வீதம் கூடுதல் இழுவை. முதல் கியரில் மட்டும் இல்லை, எட்டுக் கியரிலும் அந்த 22 வீதம் வரும்.

வதனி அக்கா: எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஆரணி சொன்னால் சரி

சுகந்தி மாமி: திவசத்துக்கு எத்தனை பேர்? வடைக்குச் சொல்ல வேண்டும். போன முறை போல 40 என்று சொல்லிவிட்டு 70 பேர் வரக்கூடாது

ரூபன்: ஆரணி, வருடத்தில் வள்ளம் இழுப்பது ஐந்தாறு நாள். மற்ற நாளெல்லாம் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறேன். பெற்றோல் யார் அடிப்பது?

ஆரணி: நியாயமான கேள்வி. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும்போது, 32 அங்குல டயரில், கடைசிக் கியரில் கறுப்பின் எஞ்சின் நிமிடத்துக்கு 1,400 சுற்று, வெள்ளை 1,700. பெற்றோல் கொஞ்சம் கூடப் போகும்தான். ஆனால் வள்ளத்தோடு 400 நெடுஞ்சாலையில் வந்தால் கறுப்பு எட்டாவது கியரில் நிற்காது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஏழு, ஆறு என்று இறங்கும், பிறகு ஏறும். கியர்பெட்டி எண்ணெய் சூடாவது அப்படித்தான்.

சின்ன அலுமினியப் போட் என்றால் கறுப்பையே எடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். அப்பாவின் வள்ளம் 21 அடி ஃபைபர். கடைசியாக ஒரில்லியாவுக்குக் கொண்டு போனபோது லொறித் தராசில் நிறுத்தோம். ட்ரெய்லர், பெற்றோல், நங்கூரம் எல்லாம் சேர்த்து 5,480 பவுண்ட். துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ராசன் சித்தப்பா: விற்றுவிட்டால் இவ்வளவு கதை இல்லை. அங்கே நிறுத்தி வைக்க ஒரு வருடமாகக் காசு கட்டுவது நான்

சிவா மாமா: காசுக் கணக்கு பார்ப்பவர்கள் ஊர்க் காணிக் கணக்கையும் பார்த்தால் நல்லது

வதனி அக்கா: தயவு செய்து இங்கே வேண்டாம்

பெரியம்மா: விற்க வேண்டாம். பிள்ளைகள் ஒரு தரமாவது அதில் ஏற வேண்டும்

ரூபன்: விற்கவில்லை பெரியம்மா. அதற்குத்தானே ட்ரக்கே.

ரூபன்: ஆரணி, கறுப்பை எடுத்துவிட்டுப் பிறகு கியரை மாற்றினால்?

ஆரணி: நாலு சில்லும் இழுக்கும் வண்டி அண்ணா. முன் அக்சில், பின் அக்சில் இரண்டையும் ஒரே கணக்குக்கு மாற்ற வேண்டும். எங்கள் கராஜில் அந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறோம். இன்னொன்று, 35 அங்குல டயர் போடப் போகிறேன் என்றீர்கள். அது போட்டால் 3.92 உங்களுக்கு 3.58 போலத்தான் வேலை செய்யும். டயரை அப்படியே விடுங்கள்.

ரூபன்: டயர் ஆசையும் போச்சா

சுகந்தி மாமி: அவ்வளவு உயரத்தில் நாங்கள் எப்படி ஏறுவது? படி இருக்கிறதா?

ரூபன்: இரண்டிலும் இருக்கிறது மாமி.

ஆரணி: நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தக் கடைசிக் கோடையில் அப்பாவோடு பழைய ட்ரக்கில் வள்ளத்தை இழுத்துக்கொண்டு ஏரிக்கரை புளஃபர்ஸ் பார்க்கில் இருந்து வந்தேன். பிரிம்லி வீதி ஏற்றம் உங்களுக்குத் தெரியும், வளைந்து வளைந்து ஏறும். பாதியில் கியர் மேலேயும் போகாமல் கீழேயும் நிற்காமல் அல்லாடியது. சூட்டு முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில். பின்னால் பத்துப் பன்னிரண்டு கார். அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் டாஷ்போர்டைத் தடவி "ஏறு ராசா, ஏறு" என்றார். மேலே வந்ததும் ஓரமாக நிறுத்தி, பொனெட்டைத் திறந்து, அரை மணி நேரம் பேசாமல் நின்றார். சட்டை முழுக்க வியர்வை.

பெரியம்மா: எனக்கு இதைச் சொல்லவில்லை

ஆரணி: சொல்ல வேண்டாம் என்றார் அம்மா.

வதனி அக்கா: சித்தப்பா அப்படித்தான்

ரூபன்: சரி. வெள்ளை.

சுகந்தி மாமி: நல்லது. வடை 60 என்று சொல்லவா? றோல்ஸும் சொல்லவா, மரக்கறிதான்

ஆரணி: அண்ணா, அட்வான்ஸுக்கு முதல் வெள்ளையின் சாரதிக் கதவைத் திறந்து, ஓரத்தில் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆள், சாமான் எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் இருக்கும்.

ரூபன்: வந்துவிட்டது. 1,310 பவுண்ட். அது கூடத்தானே?

ஆரணி: இல்லை. வள்ளத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு கொழுக்கியில் இறங்கும் என்று வைத்தால் 548. வள்ளம் எடுக்கும் அன்றைக்கு ட்ரக்கில் நீங்கள், துஷி அண்ணி, பிள்ளைகள் இரண்டு பேர், மாமா, மாமி. ஆறு பேருக்குக் குறைத்துப் பார்த்தாலும் 900. மொத்தம் 1,448. கியர் சரியாக இருந்தாலும் இது கூடாது. இரண்டு பேர் வேறு வண்டியில் வர வேண்டும்.

துஷி: பிள்ளைகள் ட்ரக்கை விட்டு இறங்க மாட்டார்கள், இப்பவே சொல்லிவிட்டேன்

சுகந்தி மாமி: அப்ப நாங்கள்தான்

ரூபன்: அப்பாவின் வானில் இடம் இருக்கிறது...

வதனி அக்கா: ...

ஆரணி: ட்ரெய்லர் பிரேக் வயரையும் நான் பார்க்க வேண்டும். 1,360 கிலோவுக்கு மேல் பிரேக் இல்லாமல் ஒன்ராரியோவில் இழுக்கக் கூடாது. சனிக்கிழமை ஒரில்லியா போகிறேன். யாராவது வருகிறீர்களா?

பெரியம்மா: நான் வருகிறேன்

ராசன் சித்தப்பா: சிவாவும் சுகந்தியும் என் வானில் வரட்டும். காலை 6 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். ஹோர்ன் அடிக்க மாட்டேன்

சுகந்தி மாமி: நிற்போம்

சிவா மாமா: ஓம்

ரூபன்: பீற்றர்பரோ டீலர் கடையைப் பூட்டிவிட்டான். காலையில் எடுக்கிறேன். மார்க்கத்தானுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சுகந்தி மாமி: 60 ஆ 70 ஆ? ஒருவரும் பதில் சொல்லவில்லை