படம் இல்லாத காட்சிகள்: பினாங்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதுபவரின் ஊரும் மோட்டாரும்)

நிபோங் திபால், இ.எக்ஸ்.5

இங்கே எல்லாரும் ஹாட்யாய் போய்வந்த படங்களையும் கேமரன் மலையில் வரிசை கட்டி நிற்கும் மோட்டார்களையும் போடுகிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போகும் அந்த ஊர்களைவிட, வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போய்வரும் சாலையைத்தான் நம் சக்கரங்கள் நன்றாக அறியும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. படம் எடுக்க வழியில்லாத சாலைகள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே இந்த முறை படம் வேண்டாம். ஓட்டும்போது கண்ட ஒரு காட்சியை, எதிர்ப்பட்ட ஓர் ஆளை எழுதிக் காட்டுங்கள். நானே பிள்ளையார் சுழி போடுகிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. மாலையில் பெருநிலத்தில் உள்ள பத்து காவானில் இரண்டாம் பாலம் ஏறி, தீவில் உள்ள பத்து மாவுங்கில் இறங்குவேன். 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல். மோட்டாருக்கென்று இடது ஓரத்தில் தனித்தடம் உண்டு. 2019 தொடக்கத்திலிருந்து இரண்டு பாலங்களிலும் நமக்கு டோல் கிடையாது. வசதிகளைச் சொல்லிவிட்டேன், இனி தொல்லைகள்.

முதல் தொல்லை சூரியன். மாலையில் மேற்கு நோக்கிப் போகிறேன், காலையில் கிழக்கு நோக்கித் திரும்புகிறேன். போகும்போதும் வரும்போதும் வெயில் என் முகத்தில்தான். பகல் வேலைக்காரர்களுக்கு இரண்டு வேளையும் முதுகில். இதற்குத் தனிப்படி கேட்டால் மேலாளர் சிரிப்பார்.

இரண்டாவது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், போகும்போது அது இடப்புறத்திலிருந்து வரும். அதைச் சமாளித்துவிடலாம். திரும்பும்போது அதே காற்று வலப்புறம். சூது இங்கேதான் இருக்கிறது. காற்றுக்கு ஈடுகொடுத்து வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடியே ஓட்டிக்கொண்டிருப்போம். அந்தப் பக்கமாக ஒரு கொள்கலன் லாரி வந்து காற்றை மறைத்ததும், சாய்வைத் தாங்க எதுவும் இல்லாமல் வண்டி லாரியை நோக்கியே நகரும். லாரி கடந்ததும், ஒளிந்திருந்த காற்று ஓங்கி ஓர் அறை அறைந்து தடுப்புச்சுவர் பக்கம் தள்ளும். என்னுடையது சுமார் நூறு கிலோ வண்டி. முதல் வாரம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்தே தோள்பட்டை வீங்கிவிட்டது.

எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு முதுகைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தினமும் அதே நேரத்தில் எனக்கு முன்னால் ஒருவர் பழைய கிறிஸ் மோட்டாரில் போவார். நம் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார், நெஞ்சுக்குக் காற்று புகாது, ஜிப் முதுகில் திறந்து கிடக்கும். கைப்பிடிக்குக் கீழே நீலத் தூக்குச்சட்டி ஒன்று ஆடும். பின்னால் லாரி இரைச்சல் கேட்டதும் அவர் வேகத்தைச் சற்றுக் குறைப்பார், முதுகைத் தாழ்த்துவார், முழங்கைகளைத் தளர்த்துவார். இறுக்கவே மாட்டார். வண்டி இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு நேராகிவிடும். அவர் செய்வதைப் பார்த்து நானும் செய்தேன். நான்கு மாதம் அவரிடம் படித்திருக்கிறேன், முகம் தெரியாது.

காட்சி? ஓர் ஆகஸ்ட் காலை. இடப்பக்கம் ஜெரஜாக் தீவு இன்னும் கறுப்பாகக் கிடந்தது. 1969 முதல் 1993 வரை அது சிறை. அதற்கும் முன்னால் கப்பலில் வந்தவர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்த இடம். என் பாட்டியின் அப்பா அங்கே அடைபட்டுக் கிடந்து, பினாங்குக் கரையைப் பார்த்துக்கொண்டே நாட்களை எண்ணினார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. எதிரே பெருநிலத்து மலைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுந்ததும் கடல் முழுவதும், புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தாம்பாளம் ஆகிவிட்டது. அதில் ஒரே ஒரு மீன்பிடிப் படகு. முன்னால் தூக்குச்சட்டி. பாலத்தில் நிறுத்தக்கூடாது. நிறுத்தவில்லை.

இப்போது அவரைக் காணவில்லை. பகல் வேலைக்கு மாறியிருப்பார்.

ஆயர் ஈத்தாம், எல்.சி.

நீலத் தூக்குச்சட்டி, பழைய கிறிஸ். தம்பி, இந்த அடையாளத்தை வைத்து செபராங் பிறையில் தேடினால் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

பட்டர்வொர்த், வேவ்

நான் தீவில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். எனக்குப் பாலம் ஆகாது, ஃபெரிதான். மேலும் கீழுமாகக் கார்களை ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து வந்த பழைய பெரிய ஃபெரிகள் 2020 முடிவோடு ஓய்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய ஃபெரிகளில் மோட்டார், சைக்கிள், நடந்து வருபவர்கள், அவ்வளவுதான். கார்களுக்கு இடமில்லை. கார் வைத்திருக்கும் என் நாத்தனாரிடம் இதை வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவேன்.

பழைய ஃபெரியில் காற்று நாலா பக்கமும் புகுந்து விளையாடும், அது போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் புதியதில் ஒன்று நடந்தது. காலை வேலைக்குப் போகும் கூட்டம். எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்து கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவர். அவருடைய மோட்டாரின் பின்னிருக்கையில், பூப்போட்ட துணி போர்த்திய கூண்டு ஒன்றை ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தார். நடுக்கடலில் துணியின் ஒரு மூலையை மட்டும் தூக்கிவிட்டார். உள்ளே மெர்போக் புறா. குரலுக்காகப் போட்டியில் வைப்பார்களே, அந்தப் புறா. அது இரண்டு நிமிடம் சும்மா இருந்தது. பிறகு தொண்டையை உருட்டி ஒரு கூவல். இன்னொன்று. படகு எஞ்சினின் உறுமலுக்கு மேலாக அவ்வளவு சிறிய பறவையின் குரல் எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.

முன்னால் நின்ற ஓர் இளைஞர் கைப்பேசியை நீட்டிப் படமெடுக்கப் போனார். பெரியவர் துணியை இறக்கிவிட்டார். “இதற்குக் கூச்சம்” என்றார் மலாயில். பிறகு என்னைப் பார்த்து, “கூச்சம் எனக்குத்தான். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போட்டிக்குப் போகிறேன்” என்று மெதுவாகச் சொன்னார். தாதிகளிடம் மட்டும் ஆட்கள் ஏன் இப்படி உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்?

ஜோர்ஜ் டவுன், ஒய்15, உணவு விநியோகம்

நாங்கள் வானிலை அறிக்கை பார்ப்பதில்லை, கொடிமலையை, அதாவது பினாங்கு ஹில்லைப் பார்ப்போம். 833 மீட்டர் மலை. உச்சி தெரிந்தால் இன்னும் ஒரு நடை ஓட்டலாம். பாதி மறைந்தால் மழைக்கோட்டை எடுத்துப் பெட்டிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். முழுதும் மறைந்துவிட்டால் ஆயர் ஈத்தாமில் ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நம்மிடம் வர அதிக நேரம் ஆகாது.

சென்ற நவம்பரில் மலையைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டினேன். ஆறு நாசி கண்டார் (சோறும் குழம்பும்) பொட்டலங்கள், நல்ல தொகை. பாதி வழியில் பிடித்துக்கொண்டது. ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினேன். எனக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு மோட்டார்கள் நின்றன. தொழிற்சாலைச் சீருடையில் நான்கு பெண்கள், நேபாளிப் பாதுகாவலர் ஒருவர், கொட்டகைச் சந்தையிலிருந்து மீன் வாங்கிவந்த சீன அங்கிள், பள்ளிப் பிள்ளையோடு ஓர் அப்பா. யாரும் யாரிடமும் பேசவில்லை. மழைக்கு ஒதுங்கும் இடத்தில் அப்படித்தான், எல்லாரும் சாலையையே பார்த்துக்கொண்டு நிற்போம், மழையை நம் பார்வையால் நிறுத்திவிடலாம் என்பதுபோல.

இருபது நிமிடம் கழித்து வாடிக்கையாளர் ரத்து செய்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, பசி யாருக்காகக் காத்திருக்கும்? ஆனால் ஆறு பொட்டலங்களின் வாசனை அந்த இடம் முழுவதும் பரவிவிட்டது. பள்ளிப் பிள்ளை என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரித்துவிட்டேன்.

பிரித்ததும் நானும் சீன அங்கிளும் ஒரே நேரத்தில் குனிந்து குழம்பைப் பார்த்தோம். மாட்டிறைச்சி இருக்கிறதா என்றுதான். அவர் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர், தொடமாட்டார். எனக்கும் வீட்டில் அப்படித்தான். இல்லை, கோழியும் மீன் முட்டையும்தான். சீருடைப் பெண்கள் எந்தக் கடை என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பாலத்தின் ஓரத்தில் கொட்டிய மழைநீரில் கை கழுவினோம். பன்னிரண்டு பேர், ஆறு பொட்டலம், தரையில் பரப்பிய என் மழைக்கோட்டுதான் மேசை. நேபாளி அண்ணன் பச்சை மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

படம்? கையெல்லாம் குழம்பு. அன்றைக்கு என் கணக்கில் எவ்வளவு கழித்தார்கள் என்பதை மட்டும் இங்கே எழுதவில்லை, வயிறு எரியும்.

சுங்கை ஆரா, 900 சி.சி.

இங்கே பெரிய மோட்டார்காரன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. அடி வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

ஞாயிறு காலைகளில் தீவை ஒரு சுற்றுச் சுற்றுவேன். பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், அணைக்கட்டு, அங்கிருந்து மலை வளைவுகளில் ஏறி தித்தி கெராவாங் அருவி, இறங்கினால் பாலிக் புலாவ். டுரியான் காலமாக இருந்தால் அருவிக்கு முன்பே மூக்கு வழி சொல்லிவிடும். ஒரு ஜூன் மாதம், எரிபொருள் விளக்கு எரிவதைப் பார்த்தும், பாலிக் புலாவில் போட்டுக்கொள்ளலாம் என்று தலைக்கனத்தோடு மலையேறினேன். இறக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. உருண்டபடியே கீழே வந்தேன். சமதரை வந்ததும் வண்டி நின்றது. இருநூறு கிலோவுக்கு மேல். தோல் ஜாக்கெட், பூட்ஸ், வெயில். தள்ளத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு கப்சாய், சின்ன மோட்டார், வந்து நின்றது. அறுபது வயதிருக்கும் சீன ஆண்டி ஒருவர். காலில் ஜப்பான் சிலிப்பர், பின்னால் இரண்டு பக்கமும் காலி டுரியான் கூடைகள். “ஏறி உட்கார்” என்றார். தயங்கினேன். “உட்கார், கைப்பிடியை நேராக வை, பிரேக்கைத் தொடாதே.” என் வலப்புறம் சற்றுப் பின்னால் வந்து, சிலிப்பர் போட்ட இடது காலை நீட்டி என் பின் கால்மிதியில் வைத்தார். ஒரு முறுக்கு. 110 சி.சி. வண்டி முனகிக்கொண்டே என்னைத் தள்ளத் தொடங்கியது. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். வயலோரத்தில் கொக்குகள்கூடப் பார்த்தன. அந்த நாள் அழகான நாள், மலை முழுவதும் பனி விலகிக்கொண்டிருந்தது, நான்தான் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்ரோல் நிலையத்தில் காலை எடுத்துக்கொண்டு கேட்டார்: “இதற்கு ரோட் டாக்ஸ் எவ்வளவு?” 350 வெள்ளி (ரிங்கிட்) என்றேன். தன்னுடைய மோட்டாரைத் தட்டிக்காட்டி, “இரண்டு வெள்ளி” என்றார். காசு கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். ஐந்து வெள்ளியை வாங்கிக்கொண்டு, என் பெட்ரோலும்தானே செலவானது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிபோங் திபால், இ.எக்ஸ்.5

900 சி.சி. அண்ணே, இதைத்தான் கேட்டேன். ஆண்டியின் விலாசம் தெரிந்தால் சொல்லுங்கள், டுரியான் அவரிடமே வாங்கலாம்.

பாலிக் புலாவ், ஹோண்டா சி70

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். வண்டி அவருடையது, தட்டச்சு என்னுடையது.

முதலில் உங்கள் எல்லாருக்கும் ஒரு அறிவுரையாம்: ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. கியரைக் குறைத்து இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அறிவுரை முடிந்தது, இனி கதை.

1985-இல் முதல் பாலம் திறந்த மாதம். அதுவரை பெருநிலத்துக்குப் போக ஃபெரிதான். 13.5 கிலோமீட்டர் பாலம், அதில் 8.4 கடலுக்கு மேல் என்று பத்திரிகையில் படித்துவிட்டு அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. பிறையில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போவதாகச் சாக்குச் சொல்லி, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். காஞ்சிப் பட்டு, ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்ட உட்காரல், தலையில் மல்லிகை, அந்த மல்லிகைக்கு மேல் தலைக்கவசம். பூ நசுங்கியதற்கு அப்பாதான் காரணம் என்று அம்மா பக்கத்திலிருந்து இப்போதும் திருத்துகிறார்.

பாலம் ஏறியதும் காற்று. முந்தானை பறந்தது. அம்மா ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் அப்பாவின் சட்டையையும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிவிட்டார். தண்ணீர்மலை முருகனை நூற்றெட்டு முறை கூப்பிட்டாராம். நடுப்பாலத்தில் வடம் கட்டிய அந்தப் பெரிய தூண்களைக் கடக்கும்போது அப்பா, “பார், பார்!” என்று கத்தியிருக்கிறார். அம்மா திறக்கவில்லை. பிறைப் பக்கம் இறங்கி, மண் தரையில் வண்டி நின்ற பிறகுதான் திறந்தார். பயம் போனதும் ஆசை வந்துவிட்டது.

“எப்படி இருந்தது? சொல்லுங்கள்” என்று கேட்டாராம்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தாராம். பிறகு, “தண்ணீர்” என்றாராம்.