சைகஸ் குருத்தில் புழு, புழுவைச் சுற்றி எறும்பு: யாரைத்தான் விரட்டுவது?

வாசுகி_குளுகோர்

எல்லாருக்கும் வணக்கம். தோட்டக் கேள்விதான், ஆனால் கொஞ்சம் விசித்திரமானது. அதனால் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு கேட்டுக்கு இரண்டு பக்கமும் பெரிய சைகஸ் (பனை மாதிரி இருக்கும் அலங்காரச் செடி) தொட்டி இருக்கிறது. மாமியார் இந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வந்த வருடம் வாங்கி வைத்தது, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் குருத்து விடும், விட்டால் மொத்த வட்டமும் ஒரே நேரத்தில் எழும்பும், பார்க்க அவ்வளவு அழகு. கடைசி மூன்று தடவையாக அந்த அழகை ஒரு வாரம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. குருத்து ஒரு முழம் வருவதற்குள் கீற்றெல்லாம் போய், நடு ஈர்க்கு மட்டும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நிற்கிறது. பழைய இலையில் ஒரு கடி கிடையாது.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். அரிசி அளவில் புழுக்கள், சில பச்சை, சில செம்பு நிறம். தலை எது வால் எது என்று தெரியவில்லை, ஓடு இல்லாத நத்தை மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் இரண்டு மூன்று கறுப்பு எறும்பு. கடிக்கவும் இல்லை, இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. சும்மா ஏறி நின்று மீசையால் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அடுப்படியில் செத்த கரப்பானை ஐந்து நிமிடத்தில் தூக்கிப் போகிற அதே எறும்பு, கொழுகொழு என்று இருக்கும் இந்தப் புழுவை ஏன் விட்டுவைக்கிறது?

முதலில் எறும்புதான் குற்றவாளி என்று நினைத்து எறும்பு மருந்து அடித்தேன். எறும்பு போனது, புழு போகவில்லை. நான்கு நாளில் எறும்பும் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் ஒரு செடிக்கடையில் கேட்டேன், பெயர் வேண்டாம், ஒரு பாட்டிலைக் கொடுத்து "நல்லா கெட்டியா கலந்து அடிங்க" என்றார்கள். அடித்தேன், மிச்சமிருந்த குருத்தும் கருகிவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் அந்தத் தொட்டிப் பக்கம் போய் நின்று ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

இது என்ன புழு, எறும்புக்கும் இதற்கும் என்ன உறவு? இப்போது இடது பக்கத் தொட்டியின் நடுவில் பழுப்பு ரோமம் மாதிரி லேசாக உப்பிக்கொண்டு வருகிறது, அதனால் அவசரம்.


செந்தூல்_மணியம்

எறும்பு வந்தாலே அங்கே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். சைகஸுக்கு வெள்ளைச் செதில் வருவது சகஜம், இங்கே கோலாலம்பூரில் என் தம்பி வீட்டில் ஒரு செடியே போய்விட்டது. இலைக்கு அடியில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருக்கும், பாருங்கள். அது விடும் இனிப்புத் தண்ணீருக்குத்தான் எறும்பு வருகிறது. வெள்ளை எண்ணெய் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்.


ஆயர்ஈத்தாம்_வாத்தியார்

மணியம் தம்பி, மாவுப்பூச்சிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் சைகஸில் வரும் அந்த வெள்ளைச் செதில் கவசச் செதில் வகை, அது இனிப்பு நீர் விடாது, அதற்காக எறும்பு வராது. இங்கே இனிப்பு தருவது புழுவேதான்.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஒரு பட்டாம்பூச்சி. லுத்ரோடஸ் என்ற பேரினம், இனத்தின் பெயர் பாண்டவா. ஆமாம், நம்ம பாண்டவர்தான். ஜாவாவில் பல வருடம் இருந்த ஹார்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1829இல் வைத்த பெயர். ஏன் வைத்தார் என்று கேட்காதீர்கள், ஜாவா பொம்மலாட்டத்தில் பாண்டவர் கதைதான் ராத்திரி முழுக்க ஓடும், அது காதில் விழுந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். பழைய புத்தகங்களில் சிலாடஸ் பேரினத்தில் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

பட்டாம்பூச்சியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சிறகை விரித்தால் பழைய 50 சென் காசளவுதான் வரும். ஆணுக்கு மேல்பக்கம் வெளிர் ஊதா கலந்த நீலம், பெண்ணுக்கு ஓரத்தில் பழுப்புக் கரை அகலமாக இருக்கும். மூடி உட்கார்ந்தால் அடிப்பக்கம் சாம்பல் பழுப்பு, பின்சிறகு முனையில் ஆரஞ்சு சூழ்ந்த கறுப்புப் பொட்டு, பக்கத்தில் நூல் மாதிரி ஒரு வால். உட்கார்ந்தபடி பின்சிறகை மேலும் கீழும் தேய்க்கும், அப்போது அந்தப் பொட்டு கண் மாதிரியும் வால் மீசை மாதிரியும் தெரியும். குருவி அதைத் தலை என்று நினைத்துக் கொத்தினால் சிறகில் ஒரு துண்டுதான் போகும், உயிர் தப்பிவிடும். பின்சிறகு கிழிந்த நீலனை (இந்தக் குடும்பத்துப் பட்டாம்பூச்சிகளை அப்படித்தான் சொல்வார்கள்) நம் வீட்டுப் பக்கமே நிறையப் பார்க்கலாம்.

தாய் சைகஸ் குருத்தைத் தேடி வந்து, பெரணி மாதிரி சுருண்டிருக்கும் இளங்கீற்றில் முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். இலை முற்றிவிட்டால் புழுவின் வாய்க்கு அது தகரம், கடிக்க முடியாது. அதனால்தான் உங்கள் பழைய இலையில் ஒரு கடியும் இல்லை. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை மூன்று வாரம்கூட ஆகாது. குருத்து இளசாக இருக்கும் அந்தக் கொஞ்ச நாளுக்குள் தின்று முடித்தாக வேண்டும் என்பதால்தான் இந்த வேகம்.

எறும்பு விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்காக மூன்று புழுவை மைலோ டின்னில் வளர்த்தோம். கைப்பேசியில் மாட்டும் குட்டி லென்ஸை வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். எறும்பு புழுவின் பின்பக்கத்தில் ஒரே இடத்தை மீசையால் தட்டுகிறது, கதவைத் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அங்கே ஊசிமுனை அளவு ஒரு துளி மேலே எழும்பி நிற்கிறது. எறும்பு உறிஞ்சிவிட்டு மறுபடி தட்டுகிறது. அது தேன் சுரப்பி, வயிற்றின் ஏழாவது கண்டத்தில், அதாவது ஏழாவது வளையத்தில், இருக்கிறது. அடுத்த கண்டத்தில் இரண்டு பக்கமும் இரண்டு குழாய், பக்கத்தில் ஏதாவது ஆடினால் புழு அதைச் சட்டென்று வெளியே தள்ளி இழுத்துக்கொள்ளும், முனையில் வெள்ளைக் குஞ்சம் மாதிரி. அது வெளியே வந்த நொடியில் எறும்புகள் துள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடின. பேத்தி "தாத்தா, அது போலீஸைக் கூப்பிடுது" என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

கறிவேப்பிலைச் செடியில் பெரிய பச்சைப் புழு இருக்குமே, தொட்டால் கொம்பை நீட்டி நாற்றம் அடிக்கும், அது தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. இது சம்பளம் கொடுத்து ஜாகா, அதாவது காவல்காரன், வைத்திருக்கிறது.


வாசுகி_குளுகோர்

சார், இதைப் படித்துவிட்டு நேராக வாசலுக்கு ஓடினேன். புழு இல்லை, குருத்து இன்னும் வரவில்லை, எறும்பு மட்டும் சும்மா திரிகிறது.

ஆனால் ஒரு சந்தேகம். ஒரு துளி இனிப்புக்காக எறும்பு இவ்வளவு நேரம் அங்கேயே நிற்குமா? அதற்குப் பக்கத்து வீட்டு மாமரமே போதுமே.


பூச்சிப்பித்தன்

நல்ல கேள்வி அக்கா. இதை ஜப்பானில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2015இல் வெளிவந்தது. அவர்கள் எடுத்தது பாண்டவா இல்லை, அதே குடும்பத்தில் நரதூரா என்ற வேறு நீலன், ஓக் மரத்தில் வளர்வது. அதன் புழு விடும் நீரைக் குடித்த எறும்பின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்துபோகிறது, நடமாட்டம் குறைகிறது, புழுவை விட்டு நகராமல் அங்கேயே கிடக்கிறது. புழு அந்தக் குழாயை நீட்டினால் குடித்த எறும்புதான் சண்டைக்குப் பாய்கிறது, குடிக்காத எறும்பு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சம்பளம் என்று வாத்தியார் சொன்னது அந்த நீலனைப் பொறுத்தவரை கொஞ்சம் மரியாதையான வார்த்தை. எனக்கு அது கள்ளுக்கடையில் கணக்கு வைத்துக் குடிக்கிற ஆள் மாதிரிதான் தெரிகிறது. பாண்டவாவும் இதையே செய்கிறதா என்பது தனிக் கேள்வி, ஒன்றில் பார்த்ததை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது.

நரதூராவை இப்போது பலர் அர்ஹோபாலா என்ற பேரினத்தில்தான் சேர்க்கிறார்கள். நம் காடுகளில் இதன் சொந்தக்காரர்கள் நிறைய, மொத்தம் ஏறத்தாழ 200 இனம், பெரும்பாலும் தென்கிழக்காசியாவில். சாலையோரம் மஹாங் மரம் பார்த்திருப்பீர்கள், சில மஹாங்கில் தண்டு உள்ளே குழலாக இருக்கும், அதற்குள் எறும்பு குடும்பம் நடத்தும், மரத்தைத் தொட்டால் வெளியே வந்து கடிக்கும். அந்த எறும்பு காவல் இருக்கும் மரத்திலேயே சில அர்ஹோபாலா புழுக்கள் உட்கார்ந்து இலையைத் தின்கின்றன. மரம் வைத்த காவல்காரனை, மரத்தைத் தின்கிறவனே கைக்குள் போட்டுக்கொள்கிறான்.

இதையெல்லாம் மிஞ்சியது லிஃபிரா என்ற பட்டாம்பூச்சி. கெரெங்கா தெரியும்தானே, இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, ஊரில் முசுறு என்பார்கள். அதன் கூட்டுக்குள்ளேயே லிஃபிராவின் புழு வாழ்கிறது, ஆமை ஓடு மாதிரி கெட்டித் தோல், கெரெங்கா கடித்தாலும் ஏறாது. தேனும் கிடையாது, உறவும் கிடையாது, எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளர்கிறது. பட்டாம்பூச்சியாக வெளியே வரும்போது உடம்பெல்லாம் உதிர்கிற செதில், பிடிக்க வருகிற எறும்பின் வாயிலும் காலிலும் அது அப்பிக்கொள்ள, இது தப்பி வெளியே போய்விடும். கெரெங்கா கூட்டைக் குச்சியால் குத்திப் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் துணிச்சல் புரியும். எனக்குப் புரியும்.


பட்டர்வொர்த்_செடியம்மா

எல்லாரும் கதை சொல்லிவிட்டார்கள், அக்கா கேட்ட குருத்துக்கு யாரும் வழி சொல்லவில்லை. நான் பதினைந்து வருடம் நர்சரியில் வேலை பார்த்தவள், சொல்கிறேன்.

எறும்பை விடுங்கள், அது போனாலும் தாய்ப் பட்டாம்பூச்சி வரும், முட்டை வைக்கும். நீங்கள் காக்க வேண்டியது அந்தக் கொஞ்ச நாளை மட்டும். ரோமம் மாதிரி உப்புகிறது என்றீர்களே, இன்றைக்கே பழைய கொசுவலையை எடுத்து, நான்கு மூங்கில் குச்சி நட்டு, குருத்தில் படாமல் கூடாரம் மாதிரி போட்டுக் கீழே தொட்டியோடு கட்டிவிடுங்கள். குருத்து வலையில் ஒட்டினால் வெளியிலிருந்தே முட்டை வைத்துவிடும், அதனால் இடம் விட்டுக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன்னால் இலைக் கொத்தின் நடுவை நன்றாகப் பாருங்கள், வெளிர் நிறத்தில் ஊசித்தலை மாதிரி முட்டை இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

வலை கட்ட முடியாதவர்களுக்கு பி.டி. மருந்து உண்டு, பாசில்லஸ் பாக்டீரியா, புழு தின்றால்தான் வேலை செய்யும், தொட்டால் இல்லை. சின்னப் புழுவுக்குத்தான் நன்றாகப் பிடிக்கும். நம் ஊர் மழைக்குக் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் மறுபடி அடிக்க வேண்டும், சாயங்காலம் அடிப்பது நல்லது. அட்டையில் போட்டிருக்கும் அளவுதான் கலக்க வேண்டும். "கெட்டியா" கலக்கச் சொன்னவர்களை என்ன சொல்வது, இளங்குருத்து குழந்தைத் தோல் மாதிரி.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவில் 2003இல் மணியம் சொன்ன அந்த வெள்ளைச் செதில் போய்ச் சேர்ந்தது, 2005இல் இந்தப் பட்டாம்பூச்சி, அங்கே காட்டிலேயே வளர்கிற சைகஸ் ஏராளமாகச் செத்துப்போனது, பெரிய பங்கு செதிலுடையது. தைவானின் சொந்தச் சைகஸுக்கும் இந்தப் புழு தொல்லை கொடுத்திருக்கிறது. இங்கே வீட்டுத் தொட்டியில் ஒரு குருத்து போனால் அடுத்த குருத்து வரும், அங்கே காட்டுக்கு யார் வலை கட்டுவது?

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வீட்டில் நாய் இருந்தால் சைகஸ் பக்கம் விடாதீர்கள். செடி முழுக்க விஷம், விதை ரொம்ப மோசம், தின்றால் ஈரல் போய்விடும். பார்க்க பேரீச்சம்பழம் மாதிரி இருப்பதால் சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


செந்தூல்_மணியம்

வாத்தியார் சார், செதில் விஷயம் தப்பாகச் சொல்லிவிட்டேன், தம்பி வீட்டில் பார்த்ததை வைத்து எழுதியது. அங்கேயும் எறும்பு இருந்தது, இப்போது யோசித்தால் அது பக்கத்துத் தொட்டி செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு வந்ததாக இருக்கும்.


வாசுகி_குளுகோர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செடியம்மா சொன்ன மாதிரி வலை கட்டினேன். கல்யாணக் கூடாரம் மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டு சீன ஆன்ட்டி சிரித்தார். இடது தொட்டியில் பதினெட்டு கீற்று, ஒன்றுகூடக் கடிபடவில்லை.

தொட்டி ஓரத்தில் முளைத்திருந்த பிள்ளைச் செடியும் அதே வாரம் குருத்து விட்டது, அதை மட்டும் மூடாமல் விட்டேன். வாத்தியார் சார் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டியதிலிருந்து அவருக்கும் பார்க்க ஆசை. ஐந்து புழு வந்தது. "பஞ்ச பாண்டவர்" என்று பெயரே வைத்துவிட்டார், தையலுக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காலையில் காப்பியோடு அங்கேதான் உட்காருகிறார். துளி எழும்புவதை இருவரும் பார்த்தோம். குழாய் நீட்டுவதை அவர் மட்டும் பார்த்தார், நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன், அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்.

செடியம்மா, வலையை எப்போது எடுக்கலாம்?


பட்டர்வொர்த்_செடியம்மா

கீற்று நுனி விரலில் குத்தினால் எடுத்துவிடலாம். மெத்தென்று வளைந்தால் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்.