மாதிரி மை சோதித்த அனுபவங்கள்: நம்முடைய கடதாசியில், நம்முடைய காற்றில்

கல்லடி ரீச்சர்:

மைப்பேனைக்கு மை வாங்க முதல் சின்னக் குப்பியில் மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் நானே தொடங்குகிறேன்.

ஜப்பானியக் கம்பனியான பைலட்டின் இரோஷிசுகு மை 50 மில்லிலீற்றர் போத்தலில் வருகிறது. இங்கிலாந்துக் கம்பனியான டயமைனின் பெரிய போத்தல் 80. பேனைக்குள் போடுகிற கொன்வேர்ட்டர் என்ற மைக்குழாயோ பெரும்பாலும் 1 மில்லிலீற்றருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். ஒரு போத்தலை எழுதி முடிக்க வருடக்கணக்கில் ஆகும். அவ்வளவு காலம் கூட இருக்கப்போகிற நிறத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துத் தெரிவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2 மில்லிலீற்றர் மாதிரி இருந்தால் பேனையை இரண்டு மூன்று தடவை நிரப்பலாம். ஒரு மையோடு பழகிப் பார்க்க அது போதும்.

நம் மட்டக்களப்புப் பக்கத்துப் புத்தகக் கடைகளில் நீலம், கறுப்பு, சிவப்பு தாண்டி எதையும் நான் அதிகம் கண்டதில்லை. எனக்கு வருகிற மாதிரிகள் லண்டனில் இருக்கிற அண்ணா விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருபவை, கொழும்பு நண்பர்கள் போத்தலில் இருந்து எடுத்துத் தருபவை. பாமசியில் வாங்கிய சிரிஞ்சால் அளந்து எடுத்து, சின்னக் குப்பியில் விட்டு, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிவிட்டால் பயணத்தில் சிந்தாது.

சோதனைக்கென்று ஒரு பேனையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நடுத்தர முனை நிப், கொன்வேர்ட்டர் கழற்றக்கூடியது. எல்லா மையையும் அதே பேனையில் போட்டால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். மையைத் தாராளமாக விடுகிற பேனை எந்த நிறத்தையும் ஒரு படி இருட்டாக்கும், இறுக்கமான பேனை வெளிறச் செய்யும். ஹீரோ 616 எனக்கு மிகவும் பிடித்த பேனை, அப்பா காலத்தில் இருந்து வீட்டில் இருக்கிறது. ஆனால் அதன் நிப் மூடியிருக்கும், உள்ளே அழுத்தி நிரப்புகிற குழாய். பழைய மை முழுக்கப் போகக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சோதனைக்கு அதை எடுக்காதீர்கள். கண்ணாடி நிப்பைத் தொட்டு எழுதுவது வேகமானது, ஒரு பின்னேரத்தில் பத்து நிறம் பார்த்துவிடலாம். ஆனால் அதன் கோடு ஈரம் கூடியது. முதல் பார்வைக்கு அது சரி, முடிவெடுக்க அது போதாது.

அடுத்தது கடதாசி. மை பற்றி எழுதுகிற பலரும் ஜப்பானியத் தொமோயே ரிவர் கடதாசியில் எழுதிக் காட்டுகிறார்கள். சதுர மீற்றருக்கு 52 கிராம் மெல்லிய தாள், மையை உறிஞ்சாமல் மேலேயே வைத்திருக்கும், அதனால் எந்த மையும் அதில் அழகாகத் தெரியும். நான் தினமும் எழுதுவது சீஆர் கொப்பி என்கிற தடித்த அட்டைக் கொப்பியிலும் 80 கிராம் போட்டோகொப்பித் தாளிலும். ஆகவே என் சோதனையும் அவற்றில்தான். ஒரே வசனத்தை எழுதுகிறேன், பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு பட்டை பூசுகிறேன், தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஊறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் ஒரு இரவு அப்படியே விட்டுவிடுவேன். ஈரமாக இருக்கும்போது கண்ட நிறம் காலையில் இருப்பதில்லை. அநேகமான மைகள் காய்ந்தால் ஒரு பங்கு வெளிறும், சில சாம்பல் பக்கம் சாயும்.

காற்றுத்தான் நம் ஊரின் தனிக்கதை. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும்போது மூடியைத் திறந்து வைத்து ஒரு வசனம் யோசித்தால் போதும், நிப் காய்ந்துவிடும். பேனைக்குள் தண்ணீர் குறைந்து மை தடிக்கிறது, நிறம் இருண்டு வருகிறது. செம்புப் பழுப்பு மை ஒன்று, பெயர் வேண்டாம், கச்சான் காலத்தில் நிப்பின் மேலே பொருக்குக் கட்டியது. அதே மை மார்கழி மழையில் ஒழுங்காக எழுதியது. மாரியில் வேறு பிரச்சினை. தாளே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், எழுத்தின் ஓரம் நார் நாராகப் பிரியும், காய நேரம் எடுக்கும். ஆகவே பிடித்த மை என்று முடிவு செய்ய முதல் இரண்டு காலத்திலும் எழுதிப் பாருங்கள் என்பதே என் கருத்து. மாதிரியில் பாதியை மற்றப் பருவத்துக்கு மூடி வைத்தால் சரி.

இப்போது பிடித்தவற்றுக்கு வருகிறேன். பளிச்சென்ற நீலம்தான் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். இரோஷிசுகு வரிசை 2007இல் வந்தது. அதில் கொன்-பெக்கி என்ற வான நீலத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அழகுதான். ஆனால் என் மேசையில் நிலைத்தது ஷின்-காய். திரையில் பார்த்தால் மங்கிய கருநீலம், யாரும் திரும்பிப் பார்க்காத நிறம். சீஆர் கொப்பியில் எழுதிக் காய்ந்த பிறகு அதற்குள் ஒரு சாம்பலும் ஒரு கடல் நீலமும் தெரிகிறது. மெல்லிய இழுப்பில் ஒன்று, எழுத்து வளைகிற இடத்தில் மை தேங்கி மற்றது. பாடக்குறிப்பு ஒரு மணித்தியாலம் எழுதினாலும் கண்ணுக்கு அலுப்பில்லை. மாதிரி இல்லாமல் நான் அதை ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டேன்.

கொப்பி திருத்த டயமைனின் ஒக்ஸ்பிளட். இருண்ட சிவப்பு, பழுப்புச் சாயல். பிள்ளைகளின் நீல எழுத்துக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அதட்டுவதில்லை. பிழைகள் நிறைந்த ஒரு பக்கத்தைப் பத்து வயதுப் பிள்ளை திறக்கும்போது அந்தச் சிவப்பு எப்படி இருக்கிறது என்பது எனக்கு முக்கியம்.

ஷீன் உள்ள மைகளைப் பற்றி ஒரு சொல். சில நீலங்களில் சாயம் கூடுதலாக இருப்பதால் காய்ந்த பிறகு மேலே படிந்து, சாய்த்துப் பார்க்கும்போது சிவப்பாக மின்னும், பொன்வண்டின் முதுகு போல. டயமைன் மஜெஸ்டிக் புளூ அந்த வகை. உறிஞ்சுகிற தாளில் அந்த மினுக்கம் வராது, சீஆர் கொப்பியில் வெறும் நீலம்தான். அத்தோடு இப்படிச் சாயம் மேலே நிற்கிற மைகள் நம் வியர்வைக் கையோடு ஒத்துப்போவதில்லை. வாழ்த்து அட்டைக்கு எடுப்பேன், வேலைக்கு எடுப்பதில்லை.

கல்முனை லிகிதர்:

ரீச்சர், நல்லாச் சொன்னீங்க. நான் நிறத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் தண்ணீர்.

காரணம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது எங்கள் வீடு கரையில் இருந்து கொஞ்சத் தூரம்தான். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பிகள் சேற்றுக்குள் கிடந்து எடுத்தோம். குமிழ்முனைப் பேனையால் எழுதிய பக்கங்களை வெயிலில் காயவைத்து வாசித்தோம். மைப்பேனையால் எழுதிய பக்கங்களில் நீலக் கறை மட்டும் இருந்தது. வாப்பாவுக்கு மைப்பேனையில்தான் விருப்பம், நல்ல கையெழுத்து. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அந்தப் பக்கங்களோடு போய்விட்டது.

இப்போது நான் காணி உறுதி எழுதுகிற இடத்தில் வேலை செய்கிறேன். வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, ஒரு மாதிரி வந்தால் முதலில் ஒரு தாளில் கட்டம் கீறி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, பாதியைத் தண்ணீருக்குள் ஊறப்போடுவேன். உப்புத் தண்ணீரிலும் ஒன்று. இன்னொரு தாளில் பாதியைத் தடித்த மட்டையால் மூடி, மேற்கு யன்னலில் ஒட்டிவிடுவேன். நம் வெயிலில் சில கிழமையிலேயே வித்தியாசம் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கழுவக்கூடிய நீலம் முதலில் போகும், இளஞ்சிவப்பும் ஊதாவும் அதன் பின்னால்.

தாங்குவது இரண்டு வகை. ஒன்று இரும்பு மை. பிளாட்டினம் புளூ-பிளாக் அந்த வகை. இங்கிலாந்தில் பதிவேடுகள் எழுதவென்று டயமைனும் ஒன்று செய்கிறது. எழுதும்போது நீலமாக இருக்கும், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு நாளுக்கு நாள் கறுத்து, கடதாசி நாரோடு பிணைந்துவிடும். இதன் சூட்சுமம் பழையது. நாட்டு மருந்துக் கடையில் விற்கிற மாசிக்காய் இருக்கிறதே, அதன் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுக்கும். நம் பக்கத்தில் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்துச் செய்தார்கள், வேலை ஒன்றுதான். இந்த மை அமிலத் தன்மை உள்ளது. பேனைக்குள் காய விடக்கூடாது, அடிக்கடி கழுவ வேண்டும்.

மற்றது நிறமித்துகள் மை. பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லரின் கிவாகுரோ போன்றவை. சாயம் கரைந்திருக்காது, நுண்ணிய துகளாக மிதக்கும். கோயில் ஏட்டில் எழுத்தாணிக் கீறலுக்குள் விளக்குக் கரி பூசினார்கள் அல்லவா, அதுவும் கரிதான், அதனால்தான் மங்குவதில்லை. என் ஊறவைத்த தாளில் இந்த இரண்டு வகையும் வாசிக்கக்கூடியதாக நின்றன. எனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டால், தண்ணீரில் இருந்து எடுத்த பிறகு இருக்கிற புளூ-பிளாக் என்றுதான் சொல்வேன்.

வாழைச்சேனையில் இருந்து:

கடதாசி என்றதும் எழுதத் தோன்றியது. நம் ஊர்க் கடதாசித் தொழிற்சாலை 1950களில் தொடங்கியது, வைக்கோலில் இருந்து கடதாசி செய்தார்கள். மாமா அங்கே வேலை செய்தவர். வீட்டில் அந்தக் காலத் தாள்கள் கொஞ்சம் மஞ்சளாகி இருக்கின்றன. ரீச்சர் தந்த மாதிரிகளை அதில் எழுதிப் பார்த்தேன். தாராளமாக ஓடுகிற மைகள் எல்லாம் ஓரம் விரிந்தன. இரும்பு மை மட்டும் மயிரிழை போல நின்றது. மஞ்சள் தாளில் நீலங்கள் பச்சைப் பக்கம் சாய்வதையும் கண்டேன். பழைய தாளில் எழுதுகிறவர்கள் வெள்ளைத் தாளில் பார்த்து நிறம் தெரிவு செய்யாதீர்கள். மற்றப்படி ரீச்சர் சொன்னதெல்லாம் எனக்கும் அப்படித்தான்.

அக்கரைப்பற்று மாணவன்:

நான் உயர்தரம் படிக்கிறேன். என்னிடம் ஒரு சீனப் பேனையும் ஒரு கறுப்பு குவிங்க் மைப் போத்தலும்தான். கண்ணாடி நிப், நல்ல தாள் ஒன்றும் இல்லை. ஆசையாக இருக்கிறது, எப்படித் தொடங்குவது? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பேனை கழுவினால் வெள்ளை படிகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

கல்லடி ரீச்சர்:

தம்பி, உம்மிடம் இருப்பதே தொடங்கப் போதும். கண்ணாடி நிப் தேவையில்லை. பல்லுக்குத்தும் குச்சியை மையில் தோய்த்து எழுதும், பஞ்சுக்குச்சியால் பட்டை பூசும். நிறம் பார்க்க அது போதும். எழுத்தின் ஓட்டம் பார்க்க மட்டும் பேனைக்குள் போடலாம்.

தண்ணீருக்கு, பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர் வாங்கும். கடையில் அசிட்டும் பக்கத்திலேயே இருக்கும், தண்ணீர்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் கழுவி முடித்துவிட்டு, கடைசித் தடவை மட்டும் இந்தத் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே விட்டால் வெள்ளை படியாது. ஒரு போத்தல் நெடுநாள் வரும்.

கறுப்பு குவிங்க்கை வைத்து ஒன்று செய்து பாரும். ரிஷ்யூத் தாளை ஒடுங்கிய பட்டியாக வெட்டி, அடியில் இருந்து ஒரு விரல் உயரத்தில் மைப் புள்ளி வைத்து, அடியை மட்டும் தண்ணீரில் தொட வைத்துத் தொங்கவிடும். தண்ணீர் மேலே ஏறும்போது மைக்குள் இருக்கிற சாயங்கள் தனித்தனியாகப் பிரியும். இரசாயனவியலில் நிறப்பகுப்பியல் படித்திருப்பீர், அதுதான். ஒரு மை காய்ந்த பிறகு ஏன் நிறம் மாறித் தெரிகிறது, நனைந்தால் எந்தச் சாயம் முதலில் ஓடும் என்பதெல்லாம் இந்தப் பட்டியில் ஓரளவு தெரியும். புது மாதிரி வந்தால் நான் இதையும் செய்து, பட்டியைக் கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் மையின் பெயரையும் மாதத்தையும் எழுதி வைப்பேன். எந்தக் காற்றில் சோதித்தது என்று பிறகு தெரிய வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மாதிரிக் குப்பியில் மிஞ்சிய மையைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றக்கூடாது. எழுதிய நிப்பையும் போத்தலுக்குள் விடாமல், வேண்டிய அளவை வெளியே எடுத்து நிரப்பினால் நல்லது. போத்தலுக்குள் அழுக்குப் போனால் நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும். மையில் நூல் போல எதாவது மிதந்தால், மணம் மாறியிருந்தால், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

அக்கரைப்பற்று மாணவன்:

செய்தேன் ரீச்சர். கறுப்பு என்று நினைத்தது மேலே போகப் போக நீலமும் மஞ்சள் பழுப்புமாகப் பிரிந்தது. தங்கச்சி பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு தன் சிவப்புப் பேனையையும் கேட்கிறாள். கல்முனை நாநா சொன்ன இரும்பு மையில் கொஞ்சம் கிடைக்குமா? ரீச்சர், பச்சை எதாவது இருந்தால் அதுவும் வேண்டும்.

கல்முனை லிகிதர்:

ஓம் தம்பி, தருகிறேன். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருகிற வேலை இருக்கிறது. குப்பியைச் சுடுதண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து எடுத்து வையும். ஒரு கிழமைக்கு மேல் பேனைக்குள் விடாமல் கழுவிவிட வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

கல்லடி ரீச்சர்:

இருண்ட பச்சை ஒன்று இருக்கிறது, ஷின்-ரியோகு. நாநாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். சீஆர் கொப்பியில் எழுதி, காலையில் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதும்.